நெட்டைப் பிள்ளையும் குட்டைக் காரும்

'பிள்ளை நல்ல உயரம்' என்று சொல்லிக் கொள்வதில் நமக்கெல்லாம் ஒரு தனிப் பெருமை உண்டு. ஜாதகம் பரிமாறிக் கொள்ளும்போது படிப்பு, உத்தியோகம், சம்பளம் இவற்றோடு உயரத்தையும் மறக்காமல் எழுதி அனுப்புகிறோம். ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னால் இருக்கும் சங்கடங்கள், உயரமான பிள்ளையைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக் கொண்டிருக்கும். பழைய வீட்டு நிலைப்படி நெற்றியைப் பதம் பார்க்கும். ரெடிமேட் சட்டை வாங்கினால் கை மணிக்கட்டுக்கு மேலே நின்றுவிடும்.

இந்தச் சங்கடங்களின் வரிசையில் புதிதாக ஒன்றைச் சேர்த்து மாம்பலத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு அமெரிக்காவில் வேலை. உயரம் ஆறடி மூன்று அங்குலம். வெகு நாள் ஆசைப்பட்டு ஒரு பழைய மாஸ்டா கார் வாங்கியிருக்கிறானாம். இரண்டே பேர் உட்காரக் கூடிய குட்டிக் கார். ஏறி உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டுகிறது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. ஆகவே, கம்பெனி கொடுத்த ஸீட்டைக் கழற்றிவிட்டு, பந்தயக் காரில் இருப்பது போன்ற ஸீட்டை வாங்கி மாட்டப் போகிறேன் என்கிறானாம். "பந்தயம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இது விளையாட்டா, விபரீதமா? அவனிடம் நான் என்ன கேட்க வேண்டும்?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரியின் கவலை நியாயமானது. பிள்ளையின் கஷ்டமும் நியாயமானதுதான். இருவருக்கும் சேர்த்து இந்த வாரம் பதில் சொல்லிப் பார்ப்போம்.

முதலில் அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்ளுங்கள். மாஸ்டா என்றதும் ஸ்வராஜ் மாஸ்டா வேன் உங்கள் ஞாபகத்துக்கு வரும். ஜப்பானில் ஹிரோஷிமாவைச் சேர்ந்த அதே மாஸ்டா கம்பெனி, 1989-ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் 'மியாட்டா' என்ற சின்னஞ்சிறு காரை வெளியிட்டது. 'எம்.எக்ஸ்.-5' என்றும் அதற்குப் பெயர். மேலே மடக்கக் கூடிய துணிக் கூரை. விலையோ நடுத்தரக் குடும்பத்தார் எட்டிப் பிடிக்கக் கூடியது. உலகம் முழுவதும் அதற்கு அப்படி ஒரு மோகம் பிறந்தது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் ஹிரோஷிமாவிலிருந்து வெளிவந்தது.

இந்தக் காரை உருவாக்கியவர்கள் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொல்லைத் தாரக மந்திரமாக வைத்துக் கொண்டார்கள். குதிரையும் குதிரை வீரனும் ஓருடலாகிவிட வேண்டும் என்பது அதன் பொருள். நல்ல கொள்கைதான். ஆனால் குதிரையின் சேணம் வீரனுக்குப் பொருந்த வேண்டுமே! முதலில் வந்த மாடலின் உயரம் தரையிலிருந்து கூரை வரை ஏறத்தாழ நான்கடிதான். நம்முடைய பழைய அம்பாசிடர் ஐந்தடிக்கு மேல் இருந்ததை நினைத்துப் பாருங்கள். தலைப்பாகையோடு உட்கார்ந்தாலும் அதில் இடிக்காது. மாஸ்டாவில் ஸீட்டுக்குப் பின்னாலேயே சுவர் மாதிரி தகடு வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஸீட்டைப் பின்னே தள்ள வழியில்லை. முதல் மாடலில் ஸ்டியரிங்கை மேலே தூக்கவும் முடியாது, முன்னே பின்னே நகர்த்தவும் முடியாது. ஸ்டியரிங்கைத் தம் பக்கம் இழுத்துக் கொள்ளும் வசதி 2019-ஆம் வருஷ மாடலில்தான் வந்தது.

இதனால் உயரமானவருக்கு என்ன கெடுதல்? கழுத்து வலிப்பதோடு சமாசாரம் முடிந்துவிடுவதில்லை. கண் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே போய், முன் கண்ணாடியின் சட்டத்துக்கு நேராக நிற்கிறது. சந்திப்பில் சிவப்பு விளக்கைப் பார்க்கக் கூனிக் குனிய வேண்டியிருக்கிறது. அவசரத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் தட்டுகிறது. மகன் ஸீட்டை மாற்ற நினைப்பதை வெறும் ஷோக்கு என்று தள்ளிவிடாதீர்கள்.

ஆனால் எதையும் வாங்குமுன் அளவு எடுக்க வேண்டாமா? ரவிக்கைத் துணி வெட்டுவதற்கே இரண்டு தரம் அளக்கிறோம். உயரம் ஆறடி மூன்று என்பது இந்தக் காரியத்துக்கு உதவாத அளவு. காரில் யாரும் நின்று கொண்டு ஓட்டுவதில்லை. வேண்டியது உட்கார்ந்த உயரம். தரையில் சுவரோடு முதுகை ஒட்டி, காலை நீட்டி நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மட்டமாக வைத்து, அது சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். குழந்தைகளின் வளர்த்தியைச் சுவரில் குறித்து வைப்போமே, அதே மாதிரிதான். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளதுதான் நமக்கு வேண்டிய அளவு.

ஒரே உயரமுள்ள இரண்டு பேரை இப்படி அளந்தால் சில சமயம் இரண்டு அங்குலம்கூட வித்தியாசம் வரும். ஒருவருக்கு உடல் நீளம், மற்றவருக்குக் கால் நீளம். உடல் நீளமானவருக்கு ஸீட் தாழ வேண்டும். கால் நீளமானவருக்கு ஸீட் பின்னே போக வேண்டும், அல்லது ஸ்டியரிங் உயர வேண்டும். வியாதி இன்னதென்று தெரியாமல் மருந்து வாங்கினால் பணம்தான் நஷ்டம்.

உடல் நீளம்தான் காரணம் என்று தெரிந்தால், புது ஸீட்டுக்குப் போகுமுன் ஒரு சிக்கன வழி இருக்கிறது. மாஸ்டா பிரியர்கள் அதற்கு அறுவை சிகிச்சைக்கு வைப்பது போல 'ஃபோமெக்டமி' என்று பெயரே சூட்டிவிட்டார்கள். ஸீட் உறையை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களைக் கழற்றி, உட்காரும் இடத்திலும் முதுகுப் பக்கத்திலும் உள்ள ஃபோமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுத்துவிட்டு, உறையை மறுபடியும் மாட்டிவிடுவது. இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்துத் தைக்கும் வேலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஓர் அங்குலம், சில சமயம் அதற்குச் சற்று அதிகமாகவும் இடம் கிடைக்கும். காரின் பெல்ட், போல்ட் அமைப்பு எதையும் மாற்றுவதில்லை என்பதே இதில் பெரிய ஆறுதல். தொடையைத் தாங்கும் முன்பகுதி ஃபோமை மட்டும் விட்டுவிட வேண்டும். அதையும் சீவினால் ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள் கால் மரத்துப் போகும். சற்றுப் புதிய கார்களின் ஸீட்டுக்குள் கம்பிகளும் ஸென்ஸார்களும் ஓடுகின்றன. அவற்றில் கத்தி வைக்கவே கூடாது.

அதுவும் போதவில்லை என்றால்தான் பந்தய ஸீட். அது என்ன வஸ்து? ஃபைபர் கிளாஸிலோ உலோகத்திலோ ஒரே அச்சாக வார்த்த ஓடு. அதற்குமேல் மெல்லிய மெத்தை. ஸ்பிரிங் கிடையாது, முதுகைச் சாய்க்கும் யந்திரம் கிடையாது. முறம் மாதிரி இரு பக்கமும் விளிம்பு எழுந்து, ஆளை அசையாமல் பிடித்துக் கொள்ளும். கனமான அடிப்பாகம் இல்லாததால் ஆள் தரைக்கு அருகே இறங்கி உட்கார முடிகிறது. முதுகுப் பக்கமும் மெல்லியதாக இருப்பதால் பின்னேயும் சிறிது இடம் மிச்சமாகிறது. நெட்டை ஆசாமிகளுக்கு இதில் இருக்கும் லாபம் இதுதான்.

ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 'ரேஸிங்' என்று பளபளவென்று எழுதி விற்கும் ஸீட்டுகளில், முதுகு சாயும்படி செய்தவையும் உண்டு. அவற்றில் பல, பழைய ஸீட்டைவிடத் தாழ்வாக இருப்பதில்லை; சில உயர்ந்தே இருக்கும். முன்னும் பின்னும் நகர்த்தும் ரெயிலை அடியில் வைத்தால் அதுவே சுமார் ஓர் அங்குலத்தை விழுங்கிவிடும். அகலமும் பெரிய பிரச்னை. மாஸ்டாவில் நடுவே கியர் மேடு, மறுபக்கம் கதவின் வாசல் விளிம்பு. இரண்டுக்கும் இடையே கிடைக்கும் இடம் குறுகல். அந்த இடத்தில் அடங்குகிற ஸீட், அகன்ற தோளுள்ளவரை முன்னே நெட்டித் தள்ளும். ஆகவே உட்கார்ந்து பார்க்காமல் வாங்குவது, காலை வைத்துப் பார்க்காமல் செருப்பு வாங்குவதற்குச் சமானம்.

இன்னொரு வீட்டு விவகாரமும் இருக்கிறது. ரெயில் வேண்டாம் என்று ஸீட்டை நேராகத் தரையில் போல்ட் போட்டு முடுக்கினால், அது நகராது. ஆறடி மூன்று அங்குல மாப்பிள்ளைக்குச் சரியாக இருக்கும் இடத்திலிருந்து, ஐந்தடி இரண்டு அங்குல மனைவிக்கு கிளட்ச் எட்டுமா? அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கார் எடுக்க வேண்டுமானால் என்ன செய்வது? வீட்டில் ஒரே கார்தான், இருவரும் ஓட்டுகிறார்கள் என்றால், அந்த ஓர் அங்குலத்தைத் தியாகம் செய்து ரெயில் வைத்தே தீர வேண்டும். இதைத் தீர்மானிக்கும்போது மருமகளையும் கேட்கச் சொல்லுங்கள்.

இனி, சகோதரியின் வயிற்றைக் கலக்குகிற விஷயத்துக்கு வருவோம். கார் ஸீட்டை நாம் கூடத்து நாற்காலி மாதிரி நினைத்துக் கொண்டிருக்கிறோம். அது தவறு. கார் எதிலாவது மோதும் அந்த ஒரு கணத்தில், ஆளை இருந்த இடத்தில் பிடித்து வைக்கும் கருவி அது. ஸீட், பெல்ட், தலையணை, ஏர்பேக் நான்கும் ஒரு கூட்டுக் குடும்பம். ஒன்றைக் கழற்றினால் மற்ற மூன்றையும் விசாரிக்காமல் இருக்க முடியாது.

முதலாவது, போல்ட். மோதலின்போது உடம்பின் எடை பல மடங்காகி ஸீட்டை இழுக்கிறது. தரைத் தகட்டில் ஓட்டை போட்டுச் சின்ன வாஷரை வைத்து முடுக்கினால், துணியில் தைத்த பொத்தான் பிய்த்துக் கொண்டு வருவது போல் வந்துவிடும். சர்வதேச மோட்டார் பந்தய விதியே, ஸீட்டைக் குறைந்தது 4 இடங்களில், 8 மில்லி மீட்டருக்குக் குறையாத போல்ட்டுகளால், அடியில் அகலமான இரும்புத் தகடு கொடுத்து முடுக்க வேண்டும் என்கிறது. அந்த விதிப்படி பரீட்சை செய்த ஸீட்டுகளில் 'எஃப்.ஐ.ஏ. 8855-1999' என்ற முத்திரைச் சீட்டு தைத்திருக்கும். பந்தயத்தில் அதற்கு 5 வருஷம்தான் ஆயுள். பழைய ஸீட்டை மலிவாக வாங்குகிறவர்கள் அந்தச் சீட்டையும், ஓட்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பெல்ட். பெல்ட்டின் நாக்கைச் செருகுகிறோமே, அந்தப் பூட்டு, பல கார்களில் ஸீட்டின் பக்கவாட்டில்தான் மாட்டியிருக்கிறது. பழைய ஸீட் வெளியே போகும்போது பூட்டும் கூடவே போய்விடும். அதைப் புது ஸீட்டில் சரியான உயரத்தில், உறுதியான இரும்பில் மாட்ட வேண்டும். இடுப்புப் பட்டை, ஸீட் விளிம்பின் மேலே ஏறி வயிற்றின் மேல் படிந்தால் அபாயம். அது இடுப்பு எலும்பின் மேல் தாழ்வாக அமர வேண்டும். மோதலில் எலும்பு தாங்கும், குடல் தாங்காது.

பந்தயக்காரர்களைப் பார்த்து, இரு தோளிலும் வரும் பட்டைகளை மாட்டிக் கொள்ள ஆசை வரும். அதற்கு உயரமானவர்கள் மிகவும் யோசிக்க வேண்டும். தோள் பட்டை, தோளிலிருந்து பின்னே ஏறக்குறைய மட்டமாகப் போக வேண்டும். ஸீட்டில் பட்டை நுழையும் துவாரம் தோளுக்குக் கீழே இருந்தால், மோதலில் அது தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். கால்களுக்கிடையே வரும் பட்டையும் இல்லாவிட்டால், உடம்பு இடுப்புப் பட்டைக்கு அடியில் வழுக்கிக் கொண்டு போய்விடும். துணிக் கூரைக் கார் கவிழ்ந்தால், அந்தப் பட்டைகள் ஆளைக் குனியவும் விடாது. அதற்காகத்தான் பந்தய மைதானங்களில் தலைக்குப் பின்னால் 'ரோல் பார்' என்ற கெட்டிக் குழாய் வளைவைப் பொருத்தச் சொல்கிறார்கள். அதன் உச்சிக்கும் முன் கண்ணாடிச் சட்டத்துக்கும் ஒரு கம்பை நீட்டிப் பிடித்து, ஹெல்மெட் போட்ட தலை அந்தக் கம்புக்குக் கீழே இருக்கிறதா என்று பரீட்சையும் செய்கிறார்கள். ஆனால் அதே குழாய், ஹெல்மெட் இல்லாமல் கடைத்தெருவுக்குப் போகிறவர் தலைக்கு அருகில் இருந்தால், சின்ன மோதலில்கூட மண்டையைப் பதம் பார்த்துவிடும். மைதானத்துக்கு ஏற்றது தெருவுக்கு ஏற்றதல்ல.

மூன்றாவது, ஏர்பேக். மாஸ்டாவின் பழைய முதல் மாடலில் ஸீட்டுக்குள் ஏர்பேக் கிடையாது. தலையணைக்குள் பாட்டுக் கேட்க ஒலிபெருக்கி வைத்த மாடல்தான் உண்டு. அதைக் கழற்றினால் பாட்டு போகும், அவ்வளவே. ஆனால் 2005-ல் வந்த மூன்றாம் மாடல் முதல் ஸீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கிறது. அதைக் கழற்றினால், பக்கத்திலிருந்து வேறு வண்டி மோதும்போது காப்பாற்ற வேண்டியது இல்லாமல் போகிறது. காரும் சும்மா இருப்பதில்லை. எச்சரிக்கை விளக்கை எரிய விடுகிறது. அந்த விளக்கை அணைக்க ஒரு சின்ன ரெஸிஸ்டரை மாட்டிக் காரையே ஏமாற்றுகிற வித்தைக்காரர்கள் உண்டு. ஜுரமானியை உடைத்துவிட்டு ஜுரம் போய்விட்டது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த இடத்தில் நம் ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் காரின் முன் ஸீட் ஓரத்தில் 'ஏர்பேக்' என்று எழுதிய சிறு துணிச் சீட்டு தைத்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், கடைக்காரர் ஆசை காட்டினார் என்று ஸீட் முழுவதையும் மூடும் தடித்த உறையைப் போட்டுவிடாதீர்கள். அது ஏர்பேக் விரியும் வழியை அடைத்துவிடும். பக்கவாட்டில் அதற்கென்று பிரியும் தையல் உள்ள உறையாகக் கேட்டு வாங்குங்கள்.

'இவ்வளவு தொல்லையா? நெட்டைக்காரர்கள் என்னதான் செய்வது?' என்று கேட்பீர்கள். பந்தய உலகத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஃபோர்டு கம்பெனியின் 'ஜி.டி. 40' என்ற பந்தயக் காருக்கு அந்த '40' வந்ததே அதன் உயரம் சுமார் 40 அங்குலம் என்பதால்தான். 1967-ஆம் ஆண்டு பிரான்ஸில் லெ மான் என்ற ஊரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்துக்கு, அந்த வரிசையில் வந்த புதுக் காரை ஓட்ட டான் கர்னி என்ற அமெரிக்கர் அமர்ந்தார். ஆறடிக்கு மேல் நல்ல உயரம். ஹெல்மெட் போட்டால் தலை கூரையில் முட்டியது. அவரைக் கூனி உட்காரச் சொல்லவில்லை. பட்டைகளைத் தளர்த்தவும் சொல்லவில்லை. அவர் தலைக்கு நேரே கூரையில் ஒரு குமிழ் எழுப்பினார்கள்! அந்தக் காரில் கர்னியும் ஏ. ஜே. ஃபாய்ட்டும் மாறி மாறி ஓட்டிப் பந்தயத்தை ஜெயித்தார்கள். அந்தக் கூரை மேட்டுக்கு 'கர்னி குமிழ்' என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைக்குக் கூரையில் குமிழ் எழுப்ப முடியாது. ஆனால் அந்த முறையைப் பின்பற்றலாம். இடம் வேண்டுமானால் ஃபோமிலிருந்தோ, ரெயிலிலிருந்தோ, கூரையிலிருந்தோ எடுக்க வேண்டுமே ஒழிய, பெல்ட்டிலிருந்தும் ஏர்பேக்கிலிருந்தும் எடுக்கக் கூடாது.

ஆகவே மாம்பலத்துச் சகோதரி தம் மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, திட்டாமல், அழாமல், இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும்:

உட்கார்ந்த உயரத்தை அளந்தாயா, முதலில் ஃபோமைச் சீவிப் பார்த்தாயா?

புது ஸீட்டில் உட்கார்ந்தால் தலைக்கும் கூரைக்கும் இடையே உன் விரல்கள் நாலும் மட்டமாகப் போகின்றனவா. தலையணை உன் காதின் மேல்நுனி அளவுக்காவது வருகிறதா?

தோள் ஸீட்டை விட்டுப் பெயராமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிகிறதா. உன் மார்புக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் பத்து அங்குலமாவது இருக்கிறதா?

பழைய பெல்ட்டும் அதன் பூட்டும் முன்போலவே உறுதியாக, இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக அமர்கின்றனவா?

அந்தக் காரின் ஸீட்டில் ஏர்பேக் உண்டா. உண்டென்றால் அதை ஏன் தொடப் போகிறாய்?

ஐந்துக்கும் தயங்காமல் சரியான பதில் வந்தால், பிள்ளை விளையாடவில்லை, விஷயம் தெரிந்துதான் செய்கிறான் என்று நிம்மதியாக இருங்கள். ஏதாவது ஒன்றுக்கு "அதெல்லாம் பரவாயில்லை அம்மா" என்று பதில் வந்தால், அந்தக் காரை விற்றுவிட்டு இன்னும் நாலு அங்குலம் உயரமான கார் வாங்கச் சொல்லுங்கள். காரை மாற்றுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.